நாற்பதில் வெள்ளைப் பட்டி

பின்னேர வேளையில் நடக்கும் ஏதாவதொரு கராத்தே வகுப்பின் வாசலை எட்டிப் பாருங்கள். உள்ளே பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையாக நின்று "இச், நி, சன், சி" என்று எண்ணியெண்ணிக் காற்றைக் குத்திக்கொண்டிருப்பார்கள். வெளியே வாங்கில் தாய்மார் அமர்ந்திருப்பார்கள். ஒருவரின் கையில் தண்ணீர்ப் போத்தல். இன்னொருவரின் மடியில் இளைய பிள்ளை. ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். கிழமைக்கு இரண்டு நாள், வருடக்கணக்காக இப்படி. பிள்ளை மஞ்சள் பட்டியிலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து கபிலத்துக்கும் ஏறிவிடும். தாய் அதே வாங்கில்தான்.

அந்தத் தாய்க்கு முழங்கால் வலி இருக்கும். சீனி கூடியிருக்கும். "உடம்பை அசையுங்கள், தேகப்பயிற்சி செய்யுங்கள்" என்று கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள். அவரும் "இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதத்திலிருந்து நடக்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால், பத்தடி தள்ளி நடக்கும் அந்த வகுப்புக்குள் தானும் போய் நிற்கலாம் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வருவதில்லை.

கேட்டுப் பாருங்கள், பதில்கள் தயாராக இருக்கும். அது சின்னப் பிள்ளைகளுக்கு உரியது. அது ஆண்களுக்கு உரியது. ஊர் என்ன கதைக்கும்? மாமியோ, "இந்த வயசில இது என்னத்துக்கு மகள்? விழுந்து கையைக் காலை உடைச்சிக்கிட்டா வீட்டை ஆரு பார்க்கிற?" என்பார். இவற்றில் மாமியின் கேள்வி ஒன்றுதான் உண்மையில் பதில் சொல்லத் தக்கது. அதற்குப் பிறகு வருவோம்.

சீனடியும் 'சீனக் கை'யும்

தற்காப்புக் கலை எமது சமூகத்துக்குப் புதியதொன்றல்ல. கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களில் சீனடி, சிலம்படி என்பன நன்கு அறியப்பட்டவை. கல்யாண ஊர்வலத்தில் கம்பு சுழன்றதை மூத்தவர்கள் இன்றும் ஆசையோடு சொல்வார்கள். சீனடி என்ற பெயரிலேயே சீனா இருக்கிறது. இதிலே ஒரு சுவையான ஒற்றுமை உண்டு. கராத்தே என்ற சொல்லும் முன்பு 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்துகளாலேயே எழுதப்பட்டது. ஒக்கினாவா என்ற சிறிய தீவில் வளர்ந்த அந்தக் கலையை 1922இல் தோக்கியோ நகரில் செய்து காட்டியவர் கிச்சின் ஃபுனாகோஷி என்ற பாடசாலை ஆசிரியர். அப்போது அவர் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். சிறுவயதில் நோயாளிப் பிள்ளையாக இருந்து, உடம்பைத் தேற்றுவதற்காகவே இக்கலையைப் பழகியவர் அவர். பின்னர் 1936இல் ஒக்கினாவா ஆசான்கள் கூடி, 'வெறுங்கை' என்று பொருள் தரும் எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். கையில் ஆயுதமில்லாதவரின் கலை என்பதே இன்றைய பெயரின் கருத்து.

எங்கள் சீனடி ஆண்களின் உலகமாகவே இருந்தது. பெண் என்றால் மென்மை, பெண் என்றால் ஒதுங்கி நிற்பது என்று நாமே ஓர் எல்லையைப் போட்டுக்கொண்டோம். அந்த எல்லையை மார்க்கம் போட்டதாகச் சொல்வோருக்கு உம்மு அம்மாரா நுஸைபா பின்த் கஅப் (ரழி) அவர்களின் வரலாறு தெரியாமல் இருக்க முடியாது. கி.பி. 625இல் நடந்த உஹதுப் போரில், காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தோற்பையுடன் போனவர் அவர். அணிகள் சிதறியபோது வாளையும் கேடயத்தையும் ஏந்தி நபி (ஸல்) அவர்களைக் காத்து நின்றார். தோளிலே ஆழமான வெட்டுக் காயம் உட்படப் பல காயங்களைப் பெற்றார். அவ்வேளையில் அவர் இளம் குமரியுமல்ல. அவருடைய ஆண் மக்கள் அதே களத்தில் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். வளர்ந்த பிள்ளைகளின் தாய்! ஆயிஷா (ரழி) அவர்கள் நபியவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியும் நாமெல்லோரும் அறிந்ததே. முதல் தடவை ஆயிஷா நாயகி முந்தினார்கள். பின்னொரு காலத்தில், அவர்களின் உடம்பு சற்றுப் பருத்திருந்தபோது, நபியவர்கள் முந்தினார்கள். உடம்பு பருத்த பின்பும் ஓடினார்கள் என்பதை நாம் ஏனோ கவனிப்பதில்லை.

பூ அடுக்கப் பழகியவர்

பிந்தித் தொடங்கியவர்களின் பேச்சு வரும்போது கெய்கோ ஃபுகுடா என்ற ஜப்பானியப் பெண்மணியைச் சொல்லாமல் விட முடியாது. அவர் பழகியது கராத்தே அல்ல, ஜூடோ. குத்துவதும் உதைப்பதும் அதில் இல்லை. பிடித்து வீழ்த்துவதும் அமர்த்துவதுமே அதன் முறை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தை ஆரம்பித்தார். 1926இல் அங்கே பெண்களுக்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டது.

கெய்கோ 1913இல் பிறந்தவர். நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு அந்நாளைய ஜப்பான் எதைப் பழக்குமோ அதையே அவரும் பழகியிருந்தார்: அழகாக எழுதுவது, பூ அடுக்குவது, தேநீர் பரிமாறும் முறை. அவருடைய பாட்டனார் ஒரு காலத்தில் கானோவுக்கே மல்வித்தை கற்பித்தவர். அந்த நன்றிக்காகக் கானோ வந்து அழைத்தபோது கெய்கோவுக்கு வயது 21. உயரம் ஐந்தடியும் இல்லை. நிறை 45 கிலோவுக்கும் குறைவு. தாயும் சகோதரரும் சம்மதித்தார்கள். மாமனார் முறையானவர் எதிர்த்தார். தாய் சம்மதித்ததற்கு ஒரு காரணம், அங்கே போனால் நல்ல மாப்பிள்ளை ஒருவர் அமையக் கூடும் என்ற நினைப்பாம்! தாய்மார் எந்த நாட்டிலும் தாய்மார்தான். ஆனால் கெய்கோ கடைசிவரை திருமணமே செய்யவில்லை.

1953இல் ஐந்தாம் நிலைக் கறுப்புப் பட்டி கிடைத்தது. அதற்கு மேல் பெண்களுக்குக் கொடுக்கும் வழக்கம் கோடோகானில் இல்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதே இடத்தில் நின்றார். 1972இல்தான் ஆறாம் நிலை வழங்கப்பட்டது; அதைப் பெற்ற முதல் பெண்களில் அவரும் ஒருவர். 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் நிலையை வழங்கியது. அதற்கு மேல் நிலை கிடையாது. 2013 பெப்ரவரியில், தமது நூறாவது பிறந்த நாளுக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது, சான் பிரான்சிஸ்கோ நகரில் காலமானார். தொண்ணூறைத் தாண்டிய வயதிலும் வகுப்புக்குப் போய்ப் பெண்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

அவர் எமது மார்க்கத்தவரல்லர். ஆனாலும் வீட்டுக்குள்ளேயே அடங்கி வளர்ந்த, ஒல்லியான, குள்ளமான ஒரு பெண் 21 வயதில் முதன்முதலாகப் பாயில் கால் வைத்தார் என்ற செய்தியில் எமக்கும் ஒரு பங்கு உண்டு.

முக்காடு தடையா?

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இது நியாயமான கேள்வியாகவே இருந்தது. 2012இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் ஜூடோவுக்கு வந்த ஸவூதி அரேபிய யுவதி வுஜ்தான் ஷஹர்கானிக்கு வயது 16. தலையை மூடிக்கொண்டு போட்டியிட முடியாது என்று முதலில் சொல்லிவிட்டார்கள். கழுத்து இறுகும் ஆபத்து உண்டென்பது அவர்களுடைய காரணம். பேச்சுவார்த்தை நடந்து, தொப்பி போன்ற ஒரு தலை மூடியுடன் இறங்க அனுமதி கிடைத்தது. போட்டி 82 வினாடிகளில் முடிந்தது; அவர் தோற்றுப்போனார். அதுவரை அவர் ஜூடோ பழகியிருந்தது இரண்டு ஆண்டுகளே. கறுப்புப் பட்டியும் இல்லை, நீலப் பட்டிதான். எதிர்த்து நின்றவர் அனுபவசாலி. இருந்தும் அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

உலக கராத்தே சம்மேளனம் 2013 முதல் அங்கீகரிக்கப்பட்ட ஹிஜாபுடன் போட்டியிட அனுமதித்தது. 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், 61 கிலோவுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில், ஹிஜாப் அணிந்த எகிப்தியப் பெண் ஃபெர்யால் அப்துல் அஸீஸ் தங்கம் வென்றார். எகிப்தியப் பெண்ணொருவருக்குக் கிடைத்த முதலாவது ஒலிம்பிக் தங்கம் அது.

கராத்தே உடையைப் பாருங்கள். தொளதொளத்த முழுக்கைச் சட்டை, அகன்ற காற்சட்டை. உடலின் வடிவு தெரியாத விளையாட்டு உடை இதைப்போல் வேறு எது உண்டு? உள்ளே முழுக்கை பனியனும், தலைக்கு மீள்தன்மையுள்ள துணியில் தைத்த, ஊசியில்லாத முக்காடும் போதும். குண்டூசி மட்டும் கூடவே கூடாது. சுற்றிக் கட்டிய நீண்ட சால்வையும் ஆகாது; பிடிபட்டால் கழுத்தை இறுக்கும்.

முதல் மூன்று மாதம்

சரி, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

முதலாவது, பட்டி வரிசை. கராத்தே வகுப்பில் வயதுக்கு மரியாதை கிடையாது, பட்டிக்குத்தான் மரியாதை. கலப்பு வயது வகுப்பென்றால் உங்கள் மகளின் வயதுப் பிள்ளை பச்சைப் பட்டியோடு முன்னால் நிற்பாள். நீங்கள் கடைசியில். "அன்டி, பெருவிரலை வெளியே வையுங்கோ" என்று அவள் திருத்துவாள். அது சரியான திருத்தமும் கூட. எம்மில் பலர் பெருவிரலை உள்ளே மறைத்துத்தான் கையை மூடுகிறோம். அப்படிக் குத்தினால் உடைவது எமது விரல்தான். நான்கு விரல்களையும் இறுக மடித்து, பெருவிரலை அவற்றின் மேல் குறுக்கே வைத்து, சுட்டுவிரல், நடுவிரல் மொழிகள் இரண்டாலும் தாக்குவதே முறை. ஒரு கை முன்னே போகும்போது மறு கை இடுப்புக்கு இழுபட வேண்டும். பலம் தோளிலிருந்து வருவதல்ல, இடுப்பின் திருப்பத்திலிருந்து வருவது. பிள்ளையை இடுப்பில் சுமந்து, அரிசி மூட்டையைத் தூக்கி, கிணற்றில் நீரள்ளிப் பழகிய பெண்ணுக்கு இடுப்பின் பலத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த விடயத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும் ஆண்களை விட எம்மவர்கள் முன்னே நிற்பார்கள் என்பது என் எண்ணம்.

அடுத்தது 'கட்டா'. எதிரே ஒருவர் இருப்பதாக எண்ணி, ஒழுங்கு மாறாமல் செய்யும் அசைவுகளின் தொடர் அது. ஷொட்டோகான் முறையில் வரும் ஹெய்யான் ஷோடான் என்ற ஆரம்பக் கட்டாவில் 21 அசைவுகள். சிறு பிள்ளை பார்த்தவுடன் பிடித்துக்கொள்ளும். வளர்ந்தவருக்கு நாட்கள் எடுக்கும். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் திரும்பிப் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்போம். ஆனால் பிள்ளை "ஏன்?" என்று கேட்பதில்லை. வளர்ந்தவர் கேட்பார். ஏன் இந்தக் கை இங்கே? ஏன் குதியை உயர்த்தக் கூடாது? காரணம் தெரிந்து பழகியது இலகுவில் மறக்காது. குர்ஆனை நடுவயதில் தஜ்வீதுடன் ஓதப் பழகிய சகோதரிகளுக்கு இந்த வித்தியாசம் நன்கு விளங்கும். கூடத்துக் கதிரைகளை ஓரம் தள்ளினால் வீட்டிலேயே கட்டாவைச் செய்து பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது குத்துமல்ல, உதையுமல்ல. சத்தம்.

கியாய் என்பார்கள். தாக்கும் கணத்தில் மூச்சை ஒரேயடியாக வெளியே தள்ளி எழுப்பும் ஒலி. தொண்டையிலிருந்து வந்தால் அது கூச்சல். அடிவயிற்றிலிருந்து வந்தால்தான் கியாய். வயிற்றுத் தசைகள் இறுகும், மூச்சு அடைபடாது, எதிரில் நிற்பவர் ஒரு நொடி தடுமாறுவார். பயன் அவ்வளவும் உண்டு. ஆனால் எமது பெண்களுக்கு அது வாயில் வராது. நான் பார்த்த பெண்கள் வகுப்பொன்றில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். குத்து நன்றாகத்தான் போனது. "சத்தம் போடுங்கள்" என்றதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வயது வந்த நாளிலிருந்து "மெதுவாகக் கதை, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்" என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். சிரிப்பையும் அடக்கி, அழுகையையும் அடக்கி, பிரசவ வேதனையில் கூடச் சத்தம் போடாதவள் என்று பெயரெடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் திடீரென்று "கத்து" என்றால்? ஆறு கிழமைகள் கழித்துத்தான் அந்த வகுப்பிலே முதல் கியாய் கேட்டது. எழுப்பியவர் மூன்று பிள்ளைகளின் தாய். எழுப்பிவிட்டு அவரே திடுக்கிட்டு நின்றார்.

இது சின்ன விடயமல்ல. பெண்களின் குரல் பற்றி மார்க்க அறிஞர்கள் சொல்லும் ஒழுங்குகளை நாம் அறிவோம். பெண்கள் மட்டும் இருக்கும் மண்டபத்தில் அந்தப் பிரச்சினை எழாது. ஆபத்தில் உதவிக்குக் கத்துவதை எந்த மார்க்கமும் தடுக்கவில்லை. கத்தத் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

இனி மாமியின் கேள்விக்கு வருவோம்: விழுந்தால்?

விழப் பழகுவதும் இக்கலைகளின் ஒரு பகுதிதான். ஜூடோவில் முதல் பாடமே அது. கராத்தே ஆசிரியரிடம் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, மூச்சை விட்டு, முழங்கையோடு சேர்ந்த முழுக் கையாலும் பாயை அறைந்தபடி விழ வேண்டும். தலை அடிபடாது, அதிர்ச்சி பரவிவிடும். நாம் இயல்பாக என்ன செய்வோம்? உள்ளங்கையை ஊன்றுவோம். மணிக்கட்டு உடைவது அதனால்தான். நாற்பதைத் தாண்டி, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்ணின் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும். குளியலறைச் சீமெந்துத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த மூதாட்டிகள் இல்லாத தெரு எது? ஆகவே விழுந்துவிடுவோம் என்று பயந்து விலகி நிற்பதை விட, பாயில் விழுந்து பழகுவது புத்திசாலித்தனம். குந்தி எழும்புவதும், கால் ஊன்றி நிற்பதும் தசைக்கும் எலும்புக்கும் பலம் தருவன. வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடங்களுக்குக் குறையாமல் மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும், இரண்டு நாட்களாவது தசையை வலுப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்கிறது. இரண்டு வகுப்பும் கொஞ்ச நடையும் சேர்ந்தால் அந்தக் கணக்கு நேராகிவிடும்.

யாரெல்லாம் வைத்தியரைக் கேட்க வேண்டும்?

இருதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், முதுகெலும்புத் தட்டு விலகல் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது தொடங்கும் காலமல்ல. சிசேரியன் செய்தவர்கள் வயிறு நன்கு ஆறி, வைத்தியர் சம்மதித்த பிறகே வரவேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் குளிசை பாவிப்பவர்கள் பையில் இரண்டு டொபி வைத்திருக்க வேண்டும். நடுக்கமும் வியர்வையும் வந்தால் வெட்கப்படாமல் நிறுத்திச் சாப்பிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் தாழ்ந்த நிலைகளை முதல் மாதங்களில் தவிர்ப்பது நல்லது. திரும்பும்போது பாதம் திரும்ப வேண்டும். பாதம் தரையில் ஒட்டியிருக்க முழங்கால் மட்டும் திரும்பினால் கேடு.

பெண்கள் எவருக்கும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் பெற்ற பலருக்குத் துள்ளினால், தும்மினால் சிறுநீர் கசியும். வுழூ முறியும், உடை நனையும் என்று பயந்தே தேகப்பயிற்சியை விட்டவர்கள் உண்டு. இது வெட்கப்பட வேண்டிய குறையல்ல. இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் பெரும்பாலும் குணமடையக் கூடியது. குடும்ப நல உத்தியோகத்தரிடமோ பெண் வைத்தியரிடமோ கேளுங்கள். அதுவரை துள்ளும் பயிற்சிகளை விட்டு மற்றவற்றைச் செய்யலாம்.

ரமழானில் என்ன செய்வது என்பார்கள். பாரமான பயிற்சியை நிறுத்தி, இஃப்தாருக்குப் பின் வீட்டில் கட்டாவை மெதுவாகச் செய்து வந்தால் மறக்காது.

தலை குனிவதும் ஆசிரியரும்

கராத்தே வகுப்பு வணக்கத்துடன் தொடங்கும். நின்றபடி தலையைச் சற்றுத் தாழ்த்துவதும் உண்டு; முழந்தாளிட்டு, கைகளைத் தரையில் ஊன்றி, முன்னே மாட்டியிருக்கும் ஆசானின் படத்தை நோக்கிக் குனிவதும் உண்டு. ஜப்பானியருக்கு இது மரியாதை. வணக்க வழிபாடு அல்ல. ஆயினும் ருகூஃவும் ஸுஜூதும் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியன என்ற உள்ளத்துக்கு அது உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். இதற்காக வகுப்பையே கைவிட வேண்டியதில்லை. சேர்வதற்கு முன்பே ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். நேராக நின்று மெல்லத் தலையசைப்பதையோ நெஞ்சில் கை வைப்பதையோ நல்ல ஆசிரியர் ஏற்றுக்கொள்வார். ஏற்காதவரிடம் பழகாமல் விடுவதே நல்லது.

பெண்ணுக்குப் பெண் ஆசிரியையே பொருத்தம். எங்கே தேடுவது? அதிக தூரம் போக வேண்டாம். பாடசாலைக் காலத்தில் கபிலப் பட்டியோ கறுப்புப் பட்டியோ எடுத்துவிட்டு, ஓ.எல். பரீட்சையோடு அல்லது கல்யாணத்தோடு நிறுத்திய பெண்பிள்ளை உங்கள் ஊரிலேயே இருக்கக் கூடும். அவளுடைய பட்டி அலுமாரியின் அடியில் மடிந்து கிடக்கும். ஐந்தாறு பேர் சேர்ந்து அவளைக் கேட்டுப் பாருங்கள். அவளுடைய சங்கத்தின் மூத்த ஆசிரியரிடம் அனுமதி பெற்று, பாடசாலை மண்டபத்தையோ மத்ரஸாக் கூடத்தையோ அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கேட்டு வாங்கலாம். கணவன்மாரிடம் முன்பே பேசிவிடுவதும் அவசியம். அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார் என்பது முடிவாகாத வரை எந்த வகுப்பும் இரண்டு கிழமைக்கு மேல் ஓடாது.

"ஒரே வருடத்தில் கறுப்புப் பட்டி" என்று விளம்பரம் செய்பவரை நம்பாதீர்கள். ஒழுங்காகப் பழகினால் அதற்கு மூன்று முதல் ஐந்து வருடங்களாவது செல்லும். மாதத்துக்கு மாதம் பரீட்சைக் கட்டணம் வாங்கும் இடமும் வேண்டாம். வெள்ளை உடையைக் கூட உடனே வாங்காதீர்கள். மூன்று மாதம் தொளதொளத்த சல்வாருடன் போய்ப் பாருங்கள். மனம் நிலைத்தால் பிறகு வாங்கலாம்.

பஸ்ஸிலும் வீட்டிலும்

இது கைகொடுக்குமா, ஆபத்தில் காப்பாற்றுமா? இதில் மிகைப்படுத்திச் சொல்வது பாவம். மூன்று மாதம் பழகிய பெண் தன்னை விட இரு மடங்கு நிறையுள்ள ஆணை அடித்து வீழ்த்துவாள் என்பது சினிமா. நல்ல ஆசிரியர் முதலில் சொல்வது தூரத்தைக் காத்துக்கொள்ளவும், கத்தவும், விலகி ஓடவும்தான். கையைப் பற்றினால் பலத்தைக் காட்டி இழுக்கக் கூடாது. பிடித்தவரின் பெருவிரல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகச் சட்டென்று திருப்பி இழுக்க வேண்டும். பிடியின் பலவீனமான இடம் அதுவே. இதை நூறு தடவை பழகியிருந்தால்தான் பயந்த வேளையில் கை தானாகச் செய்யும்.

ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் ஏதோவொரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே. அந்த 90 பேரில் எத்தனை பேர் வாய் திறந்து "தள்ளி நில்லு!" என்று சொல்லியிருப்பார்கள்? 1995ஆம் ஆண்டின் திருத்தத்திலிருந்து தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் இது குற்றமாகும். சட்டம் எமது பக்கம் இருக்கிறது, குரல்தான் இல்லை. கியாய் பழகிய பெண்ணுக்கு அந்த ஒரு வசனத்தைச் சொல்வது சற்று இலகு.

வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணுக்குக் கராத்தே தீர்வென்று எவரும் சொன்னால் அவர் அறியாமல் சொல்கிறார். அங்கே திருப்பி அடிப்பது ஆபத்தைக் கூட்டவே செய்யும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற தொலைபேசி இலக்கம் பெண்களின் முறைப்பாடுகளுக்கானது. ஆனால் வகுப்பு ஒன்று செய்யும்: கிழமைக்கு இரண்டு தடவை மற்றப் பெண்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு நாள் வராவிட்டால் கேட்பார்கள்.

வலிமை என்பதற்கு நபி (ஸல்) அவர்கள் தந்த விளக்கம், மல்யுத்தத்தில் ஆளை வீழ்த்துவதை விடக் கோபத்தை ஆள்வதையே முன்வைக்கிறது. இது எமக்கு மிகவும் கிட்டிய விடயம். பின்னேரம் முழுவதும் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்த ஒரு தாய், கட்டாவை இரண்டு தடவை செய்துவிட்டு வந்த நாட்களில் தன் சத்தம் குறைவதாகச் சொன்னார். அவருடைய மூத்த மகன், "உம்மா இண்டைக்குக் கிளாஸ் போகல்லியா?" என்று கேட்பானாம், அவர் குரல் உயரும் நாட்களில்.

முதல் நாளுக்குச் சில குறிப்புகள். இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பிட்டு முடியுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வளையல், மோதிரம், தோடு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தண்ணீரை மறக்க வேண்டாம். மறுநாள் தொடை வலிக்கும். தொழுகையில் இருப்பில் அமர்வதே கஷ்டமாக இருக்கும். மூன்றாம் நாள் குறையும். தடுக்கும் பயிற்சி தொடங்கியதும் முன்கையில் நீலம் பாயும். பார்த்தவர்கள் விசாரிப்பார்கள். கதவில் அடிபட்டது என்று சொல்லி மறைக்காமல் கராத்தே என்றே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாவம், உங்கள் கணவர் மேல் பழி விழும்.